உள்பக்கத்தில் ஒரு கோடு

டண்டினோங்கில் மழைபெய்யும் செவ்வாய்க்கிழமை.
தையல் மெஷினுக்கும் துணி உருளைகளுக்கும் நடுவே
லியென் என் தாளை விரிக்கிறாள்.
'நேர்கோடு.' நான்கே எழுத்து,
கடும் நீலத்தில், முதுகு நிறைய.
மூன்று இரவு முழித்து நானே வரைந்தது.

உள்ளங்கையை அதன்மேல் வைத்து மறைத்தாள்.
"இவ்வளவு மஞ்சளையும் உன் பெயர் தின்றுவிட்டால்
மிச்சம் வெறும் சட்டைதான்.
தரச்சீட்டு தைத்துத் தர என்னால் முடியாது."

கோபம் வந்தது, மறைப்பானேன்.
கடன் எடுத்தவள் நான்.
பெயிண்ட் வண்டிக்கு இன்னும் முப்பத்தொரு தவணை.
நாங்கள் யாரென்று நாலு பேருக்குத் தெரியவேண்டாமா?
"நாலு பேரும் தூங்கிய பிறகுதானே
கார் பார்க்கில் கோடு போடப் போகிறாய்" என்றாள்
ஊசியில் நூல் கோத்தபடி.

பகலுக்கு ஒரு வகை, இரவுக்கு ஒரு வகை,
இரண்டுக்கும் சேர்த்து இன்னொன்று, விலை கூட.
செம்மஞ்சள் கேட்டேன்.
கூம்புகளுக்கு நடுவே நீயும் ஒரு கூம்பாவாய் என்றாள்.
மழைக்கோட்டில் பெயரை நூலால் தைக்கச் சொன்னேன்.
ஊசி போன துளையெல்லாம் தண்ணீருக்கு வாசல் என்றாள்.
மஜோக்கின் உயரத்துக்கு
இடுப்பில் இருக்கவேண்டிய பட்டி விலாவில் நின்றது.
ஆண்களின் ஆகச் சிறிய அளவு எனக்கு
முழங்காலைத் தொட்டது;
கையை மடித்துவிட்டால்
கையிலிருந்த வெள்ளியும் மடிந்து மறைந்தது.

இதற்கிடையில் கஜமுகன் பத்து வாங்கிவிட்டான்,
ஒன்று ஆறு டொலர்.
"வடிவாத்தானே மின்னுது அக்கா,
ஆள் பாதி ஆடை பாதி."
கழுத்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
வாளிப் படம் ஒன்று, இஸ்திரிப் படம் ஒன்று.
தர இலக்கம் எதுவும் இல்லை.

அன்றிரவே பார்த்துவிடுவோம் என்று
மூடிய சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம்
வானை நிறுத்தி விளக்கைப் போட்டேன்.
எதிர் மூலையில் ட்ரொலிகள். ஒரு வேலி. ஈரத் தார்.
"எங்க நிக்கிறாய்?"
"இங்கதான் அக்கா, நேர முன்னால."
குரல் வந்த இடத்தில்
ஒன்றும் இல்லை.
அவன் கையை வீசுகிறானாம்.

பிறகு லியென் தந்த மாதிரிச் சட்டையில் மஜோக் போய் நின்றான்.
முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை.
தோளிலிருந்து இறங்கும் இரண்டு கோடு,
வயிற்றைச் சுற்றி இரண்டு கோடு.
இருட்டில் யாரோ
நூல் பிடித்து ஒரு மனிதனைப் போட்டதுபோல்.
இவ்வளவு நேராக நாங்கள் இன்னும் ஒன்றும் போட்டதில்லை.

மூன்றாவதாக நான் போட்டுக்கொண்டேன்.
வானின் வெளிச்சம் என்மேல் விழுந்ததும்
கால் தானாக ஒதுங்கியது.
வெளிச்சம் தேடிவந்தால்
சுவரோடு சுவராகும் வித்தையை
ஒரு காலத்தில் நன்றாகப் பழகிய கால்.
"அக்கா, நில்லுங்கோ!" என்று கத்தினான் கஜமுகன்.
நின்றேன்.
வந்த வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஓடர் கொடுத்தாயிற்று.
மஜோக்குக்கு நீள முதுகு.
எனக்குப் பெண்ணளவு, மூன்று கிழமை தாமதம்.
பெயர் நெஞ்சுப் பைக்கு மேலே, தீப்பெட்டி அகலம்.
கஜமுகனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை,
பூதக்கண்ணாடி ஒன்றும் சேர்த்துக் கொடுப்போமா என்கிறான்.
அவனுடைய பத்தும் இப்போது
பெயிண்ட் வாளி துடைக்கின்றன.
நன்றாகவே துடைக்கின்றன.

ஐம்பது சலவைதான் இந்த மஞ்சளுக்கு ஆயுள்,
எண்ணிக்கொள் என்று சொல்லியிருந்தாள் லியென்.
நேற்று முதல் சலவை.
சட்டையைப் புறம் திருப்பி
உள்பக்கச் சீட்டில் மார்க்கரால்
ஒரு கோடு போட்டேன்.

கொஞ்சம் வளைந்துவிட்டது.