முப்பது மில்லி ஆம்பியர்

வயர்மேன் உரிமம் காலாவதியாகிப்
பதினேழு நாள்.
அபராதத்தோடு சலான் கட்டி
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஹார்டுவேர் கடை மாடியில் இரண்டு நாள் வகுப்பு.
நாற்பத்தொரு பேர். பெண் நான் ஒருத்தி.
வருகைத் தாளில் என் பெயருக்கு முன்னால்
'திரு' என்று அச்சாகியிருந்தது.
திருத்தவில்லை.
அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று
போன தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

புகைப்படம் மூன்று. கண் பரிசோதனைச் சான்று ஒன்று.
வண்ணப் புள்ளிகளைக் காட்டி
என்ன எண் தெரிகிறது என்றார் டாக்டர்.
இருபத்தொன்பது.
சிவப்பும் பச்சையும் பிரியாமல் தெரிந்திருந்தால்
இதற்குள் செத்திருப்பேன் டாக்டர், என்றேன்.
அவர் சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

வகுப்பெடுத்த லிபின்தாஸ்
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.
டெஸ்டரைத் தூக்கிக் காட்டினார்:
"கரண்டு இருக்கா இல்லியான்னு பாக்கதுக்கு முன்ன
இது வேலை செய்யுதான்னு ஆரு பாப்பீங்க?"
நாற்பத்தொரு சட்டைப்பைகளில்
நாற்பத்தொரு டெஸ்டர்கள் மூச்சு விடவில்லை.
முதலில் கரண்டு இருக்குமிடத்தில் தொட வேண்டும்.
பிறகு கை வைக்கப் போகும் இடத்தில்.
பிறகு மறுபடியும் கரண்டு இருக்குமிடத்தில்.
மூன்று தொடல். பத்து வினாடி.
இருபத்திரண்டு வருஷமாக நான்
எரியாத ஒரு சின்ன விளக்கின் பேச்சை நம்பிக்
கையை உள்ளே விட்டிருக்கிறேன்.

மதியம் மரச்சீனியும் மீன்கறியும்.
தூக்கம் வரும் நேரத்தில் அந்தப் பெட்டியை வரைந்தார்.
போன கரண்டும் திரும்பிய கரண்டும்
சரியா என்று எண்ணிக்கொண்டே இருக்கும்.
முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தால்
யாரோ ஒருத்தர் உடம்பு வழியே
அது மண்ணுக்கு இறங்குகிறது.
கல்லாவில் ஒரு ரூபாய் இடித்ததும்
ஷட்டரை இழுத்து மூடும் கடைக்காரன் மாதிரி
கண்ணிமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

எல்லாரும் படத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.
நான் பாறசாலையில் ஒரு குளியலறையில் நின்றிருந்தேன்.
விலாசினி சேச்சி வீடு. பதினொன்றில் இழுத்த லைன்.
ஹீட்டர், ஈரத் தரை, தாழ்வாக ஒரு பிளக்.
எர்த் இருக்கிறது. பெட்டி இல்லை.
"அது இப்ப வேண்டாம் சேச்சி, வீண் செலவு."
சொன்னது நான்தான்.

களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினால்
என் உரிமம் வெறும் அட்டை.
இப்போது காலாவதியான அட்டை.
அன்றைக்கும் அங்கே செல்லாதுதான், யாரும் கேட்கவில்லை.
அந்த வீட்டுக் காகிதம் எதிலும்
என் கையெழுத்து கிடையாது.
கரண்டுக்கு மட்டும் இந்தப் பக்கமும் இருநூற்று முப்பது,
அந்தப் பக்கமும் இருநூற்று முப்பது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன்.
"எந்தா கொச்சே, பத்து வருஷம் கழிஞ்ஞு?"
சொன்னேன்.
சேச்சி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
உள்ளே அவர் பேரன் குளித்துக்கொண்டிருந்தான்,
பாட்டோடு.

அந்த ஊர் உரிமம் உள்ள பினோயைக் கூப்பிட்டோம்.
போர்டைத் திறந்து பார்த்துவிட்டு,
"வயரிங் நல்ல நீட்டா இருக்கே, ஆரு செஞ்சது?"
யாரோ, என்றேன்.
நீங்க?
ஹெல்ப்பர்.
ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டியை மாட்டி டெஸ்ட் பட்டனை அமுக்கினான்.
டக்.
வீடு முழுக்க இருட்டு.
பேரன் டிவி போச்சு என்று கத்தினான்.
ஒரு ஸ்குரூ இன்னும் முறுக்க வேண்டியிருந்தது.
பினோய் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான்.
"நில்லு. முதல்ல கரண்டு இருக்க இடத்துல தொட்டுப் பாரு."
"எல்லாம்தான் அணைஞ்சாச்சே சேச்சி?"
"பெட்டிக்கு மேல் பக்கம்."

செல்போன் வெளிச்சத்தில்
அந்தச் சின்ன விளக்கு
எரியவில்லை.

அவன் குனிந்து என்னைப் பார்த்தான்.
நான் ஏணியை விடவில்லை.
என் டெஸ்டரை எடுத்து
மேலே நீட்டினேன்.