அறுபத்தேழு

லோரோங் கூலிட் சந்தை, ஞாயிறு, ஏழரை மணி.
துருப்பிடித்த குழாய்களுக்கும்
ஜோடியில்லாச் சப்பாத்துகளுக்கும் நடுவே
சிக்கந்தர் பாய் விரித்த துணியில்
பிளாஸ்டிக் பேழைக்குள் படுத்திருந்தார்
ஏழாம் எட்வர்டு.

தாடிக்குக் கீழே ஒரு கீறல்.
எனக்குத் தெரியும் அதை.
உறையின் ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்குகையில்
நான் போட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்
எண்பது வெள்ளிக்கு இவரிடமே விற்றேன்,
ரோட் டாக்ஸ் கட்ட.
இப்போது தலைக்குமேல் நீலச்சீட்டு,
சாய்த்தால் மின்னும் முத்திரை,
அறுபத்தேழு என்று ஓர் எண்.
விலை ஆயிரத்து எண்ணூறு.

“கீறல் இருக்கே, பாய்.”
“காசை ஏன் பாக்குறீங்க, சீட்டைப் பாருங்க.
எழுபதுக்கு அறுபத்தேழு!
நாணயமான கம்பெனி.”

அந்தக் கம்பெனிக்கு நான் போயிருக்கிறேன்.
பாயா தெருபோங்கில், கார்க் கண்ணாடிக்குக்
கறுப்புத்தாள் ஒட்டும் கடையின் மாடி.
மணியடித்தால் ஒரு பையன் வருவான்,
வாய் நிறைய ரொட்டி.
பூதக்கண்ணாடி கண்ணில் படவில்லை.
பிரிண்டர் இரண்டு இருந்தன.

நகமெல்லாம் சிமெண்ட் படிந்த ஒருவர் வந்தார்.
பேழையைத் திருப்பவேயில்லை.
சீட்டை மட்டும் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார்,
பதில் வரும்வரை நின்றார்,
ஆயிரத்து ஐந்நூறை
இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

என் கையில் கோப்பி ஓ.
அதைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில், சட்டைகளுக்கு அடியில்,
என்னுடையது ஒன்று:
அதே நீலச்சீட்டு, அறுபத்தெட்டு,
கட்டணம் நாற்பது வெள்ளி, ரசீது இல்லை.
சுத்தியல் சமையலறையில் இருக்கிறது.
அங்கேயே இருக்கட்டும்.