தொண்ணூறாம் நாள்

மூன்று தரம் கூப்பிடுவது என் சோலி.
பாளையங்கோட்டைத் தொழிலாளர் கோர்ட்டு வராந்தாவில்
தூணுக்குத் தூண் குரல் மோதித் திரும்பும்.
ஆவுடைத்தங்கம்… ஆவுடைத்தங்கம்…
முதல் தரத்திலேயே எழுந்துவிடுவாள்.
ஆனாலும் மூன்று தரமும் கூப்பிட்டாக வேண்டும்,
சட்டம்.

முக்கூடலிலிருந்து முதல் பஸ்.
கூட ஒன்பது பெண்கள்.
எல்லார் விரல்நுனியிலும் இலைக்கறை.
கைநாட்டு வைக்க மையே வேண்டாம் என்று
கிளார்க் ஒருநாள் சிரித்தார்.
ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழாணி மார்க் பீடிக் கம்பெனியின் வக்கீல்
நல்ல மனுசர், எனக்கு டீ வாங்கித் தருகிறவர்.
கூண்டில் நின்றவளிடம் மெதுவாகத்தான் கேட்டார்:
"இலைய நீங்க விலைக்கு வாங்குதீக, சரிதானே?"
"பில்லு அப்படித்தான் போடுதாவ."
"சுத்தின பீடிய அவுகளுக்கு விலைக்கு விக்கிதீக?"
"பில்லு அப்படித்தான் போடுதாவ."
"அப்போ நீங்க வியாபாரி. அவுகளும் வியாபாரி.
ரெண்டு வியாபாரிக்கு நடுவுல
முதலாளி எங்கேருந்து வந்தாரு?"

விசிறி கிறீச்சிட்டது.
வியாபாரியின் ஜாக்கெட்டில்
தோளருகே வேறு நிறத்தில் ஒட்டு.

"எப்போ வேலைய ஆரம்பிக்கணும்னு யாரும் சொன்னாவளா?"
"இல்ல."
"எப்போ முடிக்கணும்னு?"
"ஆயிரம் ஆனா முடியும்."

பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்து
ஒரு தகரத்துண்டை எடுத்து வைத்தாள்.
இலைமேல் வைத்து வெட்டுகிற அளவுத் தகடு.
மூலையில் ஏழு ஆணி பொறித்திருந்தது.
"இதுக்கு ஒரு நூல் கூடினாலும் கழிச்சிருவாவ.
குறைஞ்சாலும் கழிச்சிருவாவ.
கழிச்சதையும் அவுகளே வச்சிக்கிடுவாவ.
எந்தச் சந்தையில ஐயா
இப்படி ஒரு வியாபாரம்?"

நீதிபதி பேனாவை மூடினார், திறந்தார்.
தகடு, சான்றுப்பொருள் ஒன்று ஆனது.
சீட்டு ஒட்டி நான்தான் பீரோவில் வைத்தேன்.
இலை வெட்ட அவளுக்கு வேறு தகடு?
கம்பெனியே கொடுத்தது,
பில்லில் நாலு ரூபாய் கழித்துக்கொண்டு.

வாய்தா. வாய்தா.
ஒரு ஜட்ஜ் மாற்றலாகிப் போனார்.
ஆற்றில் இரண்டு தரம் வெள்ளம் வந்து வடிந்தது.

என்னதையும் சொல்லிவிடுகிறேன்.
எண்பத்தொன்பது நாளைக்கு ஓர் உத்தரவு எனக்கு.
தொண்ணூறாம் நாள் நான் யாருமில்லை.
மறுநாள் புது ஆளாகச் சேருவேன்,
அதே டவாலி, அதே தூண்.
பதினோரு வருஷத்தில் நாற்பத்துநாலு முறை புது ஆள்.
நிரந்தரம் கேட்டு வருகிறவர்களின் பேரையெல்லாம்
நான்தான் கூப்பிடுகிறேன்.

தீர்ப்பு என் தொண்ணூறாம் நாளில் விழுந்தது.
டவாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
பெண்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.
அன்று கூப்பிட்டவர் தோட்டக்காரர் சங்கிலிபூதம்.
ஆவுடையம்மாள் என்றார்,
மூன்று தரமும் ஆவுடையம்மாள் என்றே.
அவள் எழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.
சம்பளமில்லாத வாயால்
ஒரே ஒரு தரம், மெதுவாக,
சரியாகச் சொன்னேன்.

பில் சொல்வதைக் காட்டிலும்
தகடு சொல்வது அதிகம் என்று வாசித்தார் நீதிபதி.
தொழிலாளிதான்.
பெண்கள் கைதட்டவில்லை,
சுவரில் அமைதி என்று எழுதியிருந்ததால்.
வெளியே வந்து ரெண்டு கலர் வாங்கி
பத்துப் பேரும் குடித்தார்கள்.

மூன்று மாதத்துக்குள் அப்பீல்.
தகடு கட்டோடு மெட்ராஸ் போகவேண்டும்.
பீரோவிலிருந்து எடுத்தபோது
அடியில் விரித்திருந்த காகிதத்தில்
வெட்டிய இலையளவுக்குத் துரு.
கட்டை நூல்போட்டுத் தைத்தது நான்தான்.

அதற்குள் முக்கூடலில் போர்டு மாறிவிட்டதாம்.
இப்போது எட்டாணி மார்க்,
வேறு பேரில் பில்லு.
"தகடு?" என்று கேட்டேன்.
"பழசு மேல வச்சுப் பாத்தேன்" என்றாள்,
"ஒரு நூல்கூட மாறல."

எனக்கு அன்று எண்பத்தேழாம் நாள்.