மாலை நாலு மணி ரத்தம்

காலை எட்டுக்கு ஒரு குழாய்,
மாலை நாலுக்கு ஒரு குழாய்.
இரண்டிலும் ஒரே பெயர் எழுதினேன்:
ஆவுடைத்தங்கம், 38, முக்கூடல்.

இடைப்பட்ட நேரமெல்லாம்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வேம்படியில்
மடியில் சுளகு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.
விரல்கள் மட்டும்
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

கார்ட்டிசால் என்று தாளில் இருக்கும்.
விடியுமுன் உடம்பை உசுப்பி எழுப்பிவிட்டு
பொழுது சாயச் சாய வற்றவேண்டிய சாறு.
சிறுநீரகத்தின் தலையில்
தொப்பிபோல் உட்கார்ந்த சுரப்பியின் வேலை.
இவளுக்கு நாலு மணிக்கும் காலையின் அளவு.
கருவி பிழையோ என்று மறுபடி ஓட்டினேன்.
பிழை இல்லை.

பாபநாசம் மலையடியில் சிறுத்தை இறங்கினால்
ஆட்டுக்கும் ஆளுக்கும் இதே சாறுதான்.
நெஞ்சு தடதடக்கும், குடல் வேலை நிறுத்தும்,
ரத்தத்தில் சர்க்கரை ஏறும்:
ஓடு.
ஓடித் தப்பினால் அடங்கும்.
தப்பாவிட்டாலும் அடங்கும்.

இவள் வாசலுக்கு வருவது ஸ்பிளெண்டர்.
திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று.
குழுவில் கையெழுத்துப் போட்ட நாலு பெண்களும்
கூடவே வந்து நிற்பார்கள்.
நாலு வருஷமாக.
உடம்புக்கு வண்டிச் சத்தம் தெரியும், வட்டிக் கணக்கு தெரியாது.
வராத செவ்வாய்க்கிழமையும்
ஓடத் தயாராகவே படுக்கிறாள்.

மூளைக்குள் "போதும்" என்று சொல்ல ஓர் இடம் உண்டு,
கடல்குதிரை வடிவில்.
ஓயாமல் நனைந்து நனைந்து அதுவே மெலிகிறது.
சொல்ல ஆளில்லாமல் சாறு மேலும் ஊறுகிறது.
மடை என்று உவமை சொல்லலாம்,
பாளையங்கால்வாய் பக்கத்தில்தான் ஓடுகிறது.
ஆனால் மடைக்கு ஒரு லஸ்கர் உண்டு, சாவி உண்டு,
மனுக் கொடுக்க ஓர் ஆபீஸ் உண்டு.

வெட்டுக்காயம் எதுவும் இல்லை,
காயம் பட்டதுபோல் ரத்தம் உள்ளுக்குள் கனல்கிறது.
அந்தச் சேதி மூளைக்கும் போகிறது.
பிறகொரு நாள்
குழம்புக்கு உப்புப் பார்க்கத் தோன்றாது.
மகன் மார்க் அட்டையை நீட்டுவான்,
கை எழாது.

வியாழனன்று ரிப்போர்ட் வாங்க வந்தாள்.
"வீட்ல சோம்பேறின்னு சொல்லுதாவ.
நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம்.
இதுல என்ன போட்டிருக்கு?"

எண்ணைக் காட்டினேன்.
இது நோயின் பெயர் இல்லை,
அதை மூணாம் நம்பர் அறையில் டாக்டர் சொல்வார்.
ஆனால் சோம்பேறியின் ரத்தம்
மாலை நாலு மணிக்கு இப்படி
ஓடிக்கொண்டிருக்காது என்றேன்.

தாளை நாலாக மடித்தாள்.
வார அட்டை இருக்கும் அதே பைக்குள், அதே அகலத்தில்.
கேட்டுக்கு வெளியே யாரோ பைக்கை முறுக்கினார்கள்.
பைக்குள் போன கை பாதியில் நின்றது.

"இன்னைக்கு வியாழன்தானே?"

ஆமா என்றேன்.
கையை அவள் எடுக்கவில்லை.