கணக்கில் சேராத செவ்வாய்

மின்வெட்டு அட்டவணையை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவள் நொம்வுலா.
செவ்வாய், இரவு எட்டு முதல் பத்தரை வரை
வெஸ்ட்வில் இருட்டு.
பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன்.
பார்த்தும் தொடங்கினேன் என்பதே சரி.

மூன்று பீக்கர்.
மூன்றிலும் ஒரே பாலிமர், ஒரே ரிஃபாம்பிசின்,
கரைப்பானில் செங்கல் நிறமாய்.
என் கான்டாக்ட் லென்ஸை ஒருமுறை
ஆரஞ்சாக்கிய அதே சிவப்பு.
ஆறு மாதம், தினமும் வெறும் வயிற்றில்.
அழுதால் கைக்குட்டை காட்டிக்கொடுத்துவிடும்;
அழுகையைக் குளியலறைக்கு மாற்றிக்கொண்டேன்.

வித்தியாசம் தண்ணீரில்தான்.
சோப்பின் இனம், பரப்பியங்கி:
முதல் பீக்கரில் பெயருக்கு,
அடுத்ததில் அரை சதவீதம்,
கடைசியில் கை தாராளம்.

கலக்கி சுழலச் சுழல
செந்துளி உடைகிறது, உடைந்தது மறுபடி உடைகிறது.
உடைப்பது பெரிதில்லை.
உடைந்தவை மறுபடி ஒன்றாகாமல் இருக்க
நடுவே ஆள் வேண்டும்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
ஏளனமாய்ச் சொல்வோமே,
இந்த மூலக்கூறுக்கு அதுதான் உத்தியோகம்.
ஒரு கால் தண்ணீரில்,
மறு கால் தண்ணீரே ஆகாத துளிக்குள்.
தோளோடு தோள் நின்று
மோத வரும் துளியை
அந்தண்டை போ என்கிறது.

எட்டு மணி.
கலக்கிகள் நின்றன. புகைக்கூண்டு விசிறியும்.
ஜெனரேட்டர் உறைபெட்டிக்கு மட்டும்.
ஜன்னலைத் திறந்தேன், போனை வாயில் கவ்வினேன்,
கண்ணாடிக் குச்சி இரண்டு எடுத்தேன்.
கை இரண்டு, பீக்கர் மூன்று.

முதலாவதை விடவே முடியாது.
கடைசியானதை விட மனமில்லை, விலை அப்படி.
நடுவிலிருந்ததை விட்டேன்.

காலையில் நுண்ணோக்கியில்:
இரண்டரை மணி நேரம் கை கடுக்கக் கலக்கியும்
முதலாவது ஒரே கட்டி, மென்று துப்பியதைப் போல.
கடைசியானதில் அத்தனையும் பொடி உருண்டை,
அச்சில் வார்த்த அழகு.
ஆனால் சுற்றியிருந்த தண்ணீர் சிவப்பு.
மிஞ்சிய பரப்பியங்கி மருந்தைச் சுமந்து
வெளியேறியிருந்தது.
வீடு கட்டி முடிந்தது, குடித்தனக்காரன் தண்ணீரில்.

கைவிட்டது?
அடியில் இறங்கிப் படுத்திருந்தது.
அசைத்தேன், தனித்தனியாய் எழுந்தது.
சில இரட்டையாய் ஒட்டி, சில நசுங்கி.
தண்ணீர் வெளிர் மஞ்சள்.

‘இது கணக்கில் சேராது,
மின்வெட்டை மறுபடி செய்ய முடியாதே’
என்றாள் நொம்வுலா, சிரிக்காமல்.
‘நம் ஊரிலா?’ என்றேன்.
அப்போது சிரித்தாள்.

மும்முறை கழுவி வடித்தேன்.
எத்தனை கழுவினாலும் காவல் நின்றதில் கொஞ்சம்
ஓட்டின் மேலேயே தங்கிவிடும்.
எச்சம் என்று ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்,
நிரப்பினேன்.

கையுறை கிழிந்திருந்தது போல.
சுட்டுவிரலில் ஆரஞ்சு.
சோப்பு போட்டேன், இன்னும் கொஞ்சம் போட்டேன்.
புதன்: அதிகாலை நாலு முதல்.