போயிடுச்சா?

முதல் அலறலுக்கு முன்பே
அமலோற்பவம் கண்ணை மூடிவிடுவாள்.
டிக்கெட் எடுத்தது அவள்.
வெள்ளிக்கிழமை முதல் காட்சியேதான் வேண்டும் என்று
என் மாத்திரை கவுண்டரில் வந்து நின்று
க்யூவை மறித்ததும் அவள்.

மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில்
ஒரு நாளைக்கு நூறு கையில் ஊசி ஏற்றுகிறவள்.
"மடக்குங்க, அவ்ளோதான்" என்று
ரத்தக் குழாயைக் குலுக்கிக்கொண்டே
மத்தியானம் என்ன குழம்பு என்று பேசுகிறவள்.
திரையில் ஒரு சொட்டு சாயத்தண்ணி விழுந்தால்
துப்பட்டாவுக்குள் குடியேறிவிடுகிறாள்.

"சபுரா, போயிடுச்சா?"

பதினோரு வருஷமாக
அவளுக்கும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன்.

எனக்குப் பயம் வருவதில்லை.
பூதத்தின் பின்கழுத்தில் ஜிப் தெரியும்.
பல்லி உடம்பு, முதலை வாய்,
நடை மட்டும் முட்டி தேய்ந்த மனுஷன் நடை.
உள்ளே இருக்கிறவனுக்கு
எவ்வளவு வேர்த்திருக்கும் என்று தோன்றும்.
வசனம் கிடையாது, முகமும் கிடையாது,
பேட்டாவாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா?
கதவு தானாகக் கிரீச்சிட்டால்
எண்ணெய் விடுங்கடா என்பேன்,
பின்வரிசையில் நாலு பேர் சிரிப்பார்கள்.

ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.
"வாட்ச்மேனைத் தின்னுடுச்சு."
"அய்யோ, அவருக்குப் பொண்ணு இருக்குல்ல"
என்று அழுதாள்.
இடைவேளை பப்ஸ் கையிலேயே ஆறிப்போனது.

அப்புறம்தான் மாற்ற ஆரம்பித்தேன்.
வாட்ச்மேன் சுவரேறிக் குதித்து
கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.
கிணற்றுக்குள் இருந்தவள்
தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.
கடலிலிருந்து எழுந்து வந்தது
படகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.
"ஏன்?"
"பசி இல்லையாம்."
திரையில் அந்த நேரம்
ஒற்றைச் செருப்பு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.
பக்கத்து சீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

ஆட்டம் விட்டு
கெடிலம் பாலத்தில் ஸ்கூட்டி ஏறும்போது
பின்னால் உட்கார்ந்து கேட்பாள்:
"அதோட மூஞ்சி எப்படி இருந்துச்சு?"
ஒருமுறை எங்கள் ஸ்டோர் கீப்பரின் பல்லைச் சொன்னேன்.
ஒருமுறை அழுது முடித்த குழந்தையின் கண்ணை.
காற்றில் அவள் சிரிப்பது
என் ஹெல்மெட்டில் வந்து மோதும்.

இந்தப் படங்களையெல்லாம்
ஊசிக்கு அழும் பிள்ளைகளுக்கு
அவள் சொல்லிவந்தாள் என்று எனக்குத் தெரியாது.

தேவனாம்பட்டினத்துப் பையன், ஏழு வயசு, டெங்கு.
பசியில்லாத பூதத்தின் கதையைக் கேட்டுக்கொண்டே
கையை நீட்டியவன்
ஊசி இறங்கும்போது சொன்னானாம்:
"அக்கா, நான் அந்தப் படம் பாத்தேன்.
அது படகோட எல்லாரையும் தின்னுது.
நீங்க பாக்கலியா?"

மத்தியானம் கவுண்டருக்கு வந்தாள்.
காய்ச்சல் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எட்டு, ஒன்பது.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கம்பி இடுக்கில் இரண்டு டிக்கெட்டை நீட்டினாள்.
லாரன்ஸ் ரோடு தியேட்டர், எஃப் பதினொன்று, பன்னிரண்டு.

விளக்கு அணைந்தது.
கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையில் ஒரு நீள வராண்டா.
சத்தமில்லை, இசையில்லை,
ஜிப் வைத்த எதுவும் இல்லை.
கோடியில் ஒரு டியூப்லைட் மட்டும்
எரியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
எங்கள் வார்டு வராண்டா மாதிரியே இருந்தது.
இதில் குறை சொல்ல
எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"போயிடுச்சா?"

இதற்கு என்ன பொய் சொல்வது?

"இன்னும் வரலடி" என்றேன்.

என் முழங்கை மடிப்பில்
சரியாக நரம்பு ஓடும் இடத்தில்
அவள் கட்டைவிரல் வந்து அழுத்தியது.