குறைவு: ஒன்று

எழுபத்தெட்டு ஆவணி.
எண்ணெய் நிரப்ப மட்டும் உள்ளே வந்தது எலேனா மார்.
வெள்ளைக் கப்பல். தவாவோவிலிருந்து தம்மாமுக்கு.
வயிற்றில் எண்பதாயிரம் பெட்டி பச்சை வாழை,
மேல்தட்டில் பன்னிரண்டு பயணிகள்.

பதின்மூன்றாவது ஆள் ஏறினால்
கப்பலில் வைத்தியர் இருக்கவேணுமாம்.
ஆகவே பன்னிரண்டு.

பதின்மூன்று வாழையின் எண்.
பதின்மூன்று பாகைக்குக் கீழே போனால் தோல் கறுக்கும்,
மேலே போனால் ஒன்று பழுத்து
தன் மூச்சாலேயே மற்றதையெல்லாம் பழுக்க வைக்கும்.
நாலு மணிக்கொரு தரம்
கம்பளிச் சட்டையோடு இறங்கி
காய்க்குள் வெப்பமானி குத்தி
ஏட்டில் எழுதுகிறார் குளிரறைப் பொறியாளர்.

ஏழாம் கேபின் தியோடோராவுக்கு
மூன்று நாளாய்க் காய்ச்சல்.
அதை எழுத ஏடில்லை.

நான் முகவர் கந்தோரின் கிளாக்கர்.
கயிற்றேணியில் ஏறிப்போய்த் தாள்களை நீட்டினேன்.
கப்டன் என்னைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தான்.
"பழம் காத்திராது."

பொறியாளர் வெப்பமானியைச் சட்டை நுனியில் துடைத்து
அவள் உதடுவரை கொண்டுபோய்
வெட்கப்பட்டு
திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.
பிறகு ஓடிப்போய் ஒரு சீப்புப் பச்சைக்காய் கொண்டுவந்து
அவள் மடியில் வைத்தார்.
அவரிடம் வேறென்ன இருந்தது.

பாரந்தூக்கி வலைப்பலகையில்
கதிரையோடு கட்டி இறக்கினோம்.
பியதிலகவின் மொறிஸ் மைனர். மழை.
கொச்சிக்கடை தாண்டும்போது
சட்டெனச் சிலுவை போட்டுக்கொண்டாள்.
கொழும்பில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள்
அந்தோனியார்தான்.

ஐந்தரைக்குக் கப்பல் அலைதாங்கியைக் கடந்துபோனது.
நடுவழியில் இறங்கிய பயணிக்கென்று
எங்கள் கந்தோரில் படிவமில்லை.
சரக்குப் படிவம் இருந்தது: சேதம், மிகை, குறைவு.
மை ஊறும்வரை பேனையைப் பிடித்திருந்துவிட்டு
எழுதினேன்:
குறைவு, ஒன்று.
பெட்டிகள் சரி.

பெரியாஸ்பத்திரி, பதினெட்டாம் வார்ட்டு.
கட்டில் கம்பியில் தொங்கிய சீப்பு
நாலாம் நாள் ஓரத்தில் மஞ்சளானது.
ஐந்தாம் நாள் வார்ட்டு முழுக்க வாசம்.
அன்றுதான் அவளுக்கும் காய்ச்சல் விட்டது.
தாதி ஒன்று, துடைப்பக்காரி இரண்டு, எனக்கொன்று
என்று அவளே பிய்த்துக் கொடுத்தாள்.
நல்ல பருமன். இனிப்பு மட்டம்.

பேச ஒன்றுமில்லாமல் சொன்னேன்:
யாழ்ப்பாணத்தில் எங்களிடம் ஒரு வாழை உண்டு,
அதற்குப் பெயரே கப்பல்.

தோலை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டு
அவள் கேட்டாள்,
அது தம்மாம் போகுமா?